பழைய கம்ப்யூட்டர்ல ப்ராசசர் மாத்தி வேகம் ஏத்துறது எப்படி: போர்டு பேர்ல ஆரம்பிச்சு பேஸ்ட் தடவுறது வரைக்கும்

பத்து பன்னெண்டு வருசம் ஓடுன டெஸ்க்டாப், ஆன் பண்ணிட்டு காப்பி குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கும், தூக்கிப் போட மனசில்ல, புதுசு வாங்க கையில துட்டு இல்ல. நம்ம திருநவேலி பக்கம் பாதி வீட்டுல இதான் நெலம. இந்த மாதிரி சிஸ்டத்துல ப்ராசசர (சிஸ்டத்தோட மூளை மாதிரி உள்ள சிப்பு, சிபியுன்னும் சொல்லுவாங்க) மட்டும் கழத்திட்டு அதே சாக்கெட்டுல (சிப்பு உக்காருற இடம்) பெரிய ப்ராசசர் போட்டா நெசமாவே வேகம் ஏறும், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், வள்ளியூர்னு சொந்தக்காரங்க சேக்காளி வீட்டுல நெறைய மாத்திக் குடுத்திருக்கேன், அதனால தைரியமா சொல்லுதேன். ஆனா ஒண்ணு. எந்த ப்ராசசர் போடலாம்னு முடிவு பண்ணுறது நாமளும் இல்ல, கடைக்காரரும் இல்ல, எல்லா பார்ட்ஸும் மாட்டியிருக்குற பெரிய பலகை இருக்குல்லா, அந்த மதர்போர்டு தான். அது ஒத்துக்கிடாத சிப்ப எம்புட்டு துட்டு குடுத்து வாங்கிப் போட்டாலும் ஸ்கிரீன் கருப்பா தான் கெடக்கும். இதுல பாதி சோலி ஸ்க்ரூ டிரைவர எடுக்கதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும், அதனால தான் கீழ நான் அந்தப் பாதியவே ரொம்ப இழுத்து எழுதியிருக்கேன்.

உதாரணத்துக்கு வி.எம்.சத்திரத்துல எங்க அத்தை மவன் வீட்டு சிஸ்டத்தையே வச்சுக்கிடுதேன். எச்61ங்கிற ரக மதர்போர்டு, ஐ3-2100 ப்ராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட்டிஸ்க். நம்மூர்ல 2011, 2012, 2013ல அசெம்பிள் பண்ணி வாங்குன சிஸ்டம் முக்காவாசி இந்த ரகம் தான்.

மொதல்ல எது மெதுவா இருக்குன்னு பாருங்க

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பர்ஃபாமன்ஸ் போங்க. சிஸ்டம் இழுக்குற நேரத்துல அத தொறந்து வச்சுப் பாக்கணும், சும்மா இருக்கும்போது பாத்து பிரயோஜனம் இல்ல. டிஸ்க் 100 சதவீதத்துல நிக்கி, சிபியு 15, 20ல தூங்குதுன்னா ப்ராசசர் மாத்தி ஒரு மண்ணும் ஆகாது, எஸ்எஸ்டி (ஹார்ட்டிஸ்க்குக்கு பதிலா போடுற வேகமான டிஸ்க்) வாங்கிப் போடுங்க, அதான் அந்த சிஸ்டத்துக்கு மருந்து. எச்61 போர்டுல பழைய 3 ஜிகாபிட் வேக சாட்டா (டிஸ்க் மாட்டுற இணைப்பு) தான் இருக்கும், எஸ்எஸ்டி அதோட முழு வேகத்துல ஓடாது, செகண்டுக்கு 250 எம்பி சொச்சம் தான் வரும்னு சொல்லுவாங்க, வாஸ்தவம் தான், ஆனா ஹார்ட்டிஸ்க் சின்னச் சின்ன ஃபைல தேடி எடுக்க தடவுற நேரம் இருக்கு பாத்தீங்களா, அது பூரா போயிரும், நமக்கு வேண்டியது அது தான்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேல நின்னா ரேம். 4 ஜிபில இன்னைக்கு க்ரோம் தொறந்தாலே நெறஞ்சிரும். டிடிஆர்3 ரேம் பழசு சல்லிசா கெடைக்கும், 8 ஜிபி ஆக்கிருங்க, ரெண்டு ஸ்லாட்டுலயும் ஒரே அளவு குச்சி போட்டா டூயல் சேனல்ல ஓடும், தனி கார்டு இல்லாம ப்ராசசருக்குள்ள இருக்குற கிராபிக்ஸ் வச்சு ஓட்டுறவங்களுக்கு அது கொஞ்சம் கூடுதல் லாபம். விண்டோஸ் 32 பிட் போட்டிருந்தா 4 ஜிபிக்கு மேல எவ்வளவு ரேம் போட்டாலும் எடுத்துக்கிடாது, அத 64 பிட்டா மாத்தி ஏத்தணும்.

இந்த ரெண்டும் சரியா இருந்து, சிபியு மட்டும் 100ல போயி ஒட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்குதா, அப்ப தான் இந்த வழிகாட்டிக்கு வேலை. அத்தை மவன் வீட்டுல யூடியூப்ல முழு எச்டி போட்டா 90க்கு மேல போயிரும், பக்கத்துல ஒரு எக்செல் தொறந்தா படம் விட்டு விட்டு ஓடும். காரணம் என்னன்னா யூடியூப் இப்ப விபி9, ஏவி1ங்கிற ஃபார்மட்டுல தான் வீடியோ அனுப்புது, ரெண்டாம் மூணாம் ஜெனரேசன் (தலைமுறை, ஐ3-2100ன்னா ரெண்டாம், ஐ5-3470ன்னா மூணாம்) ப்ராசசர்ல உள்ள கிராபிக்ஸுக்கு அத விரிக்கத் தெரியாது, அதனால எல்லா பாரமும் கோர் (ப்ராசசருக்குள்ள வேலை செய்யுற பகுதி) தலைல விழுது. துட்டே செலவழிக்காம கொஞ்சம் சமாளிக்க எச்264இஃபைன்னு (h264ify) ப்ரவுசர் எக்ஸ்டென்சன் இருக்கு, அது யூடியூப்ப பழைய எச்.264லயே அனுப்ப வைக்கும், மொத அத போட்டுப் பாருங்க, சில பேருக்கு அதோடயே பிரச்சினை தீந்துரும்.

இன்னொண்ணும் இருக்கு, இது நம்ம ஊர் சமாச்சாரம். ஆனி ஆடில காத்தடிக்கும்போது ரோட்டுப் புழுதி பூரா வீட்டுக்குள்ள தான், பணகுடி காவல்கிணறு பக்கம் கேக்கவே வேண்டாம். அந்தப் புழுதி ஹீட்சிங்க் (ப்ராசசர் மேல உக்காந்து சூட்ட இழுக்குற உலோகக் கட்டை) இடுக்குல போயி அடைஞ்சு, ஃபேன் சுத்தினாலும் காத்து உள்ள போகாம ப்ராசசர் கொதிக்கும், 100 டிகிரி பக்கம் போனா அது தானா வேகத்த கொறச்சுக்கிடும். கோர் டெம்ப் இல்லன்னா எச்டபிள்யு மானிட்டர்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டு சூடு பாருங்க. சும்மா இருக்கும்போதே 70, 80 காட்டுச்சுன்னா மொத சுத்தம் பண்ணி பேஸ்ட் (சூடு கடத்த ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல வைக்கிறது) மாத்துங்க, அதுக்குப் பொறவும் மெதுவா இருந்தா ப்ராசசர் பத்தி யோசிக்கலாம்.

கிகாஹெர்ட்ஸ பாத்து மயங்காதீங்க

2004லயே பென்டியம் 4ல 3.8 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் வந்துருச்சு. 2006ல கோர் 2 டுயோ வந்தப்ப அதுல கீழ உள்ள மாடல் 1.86 தான், ஆனா அது பென்டியம் 4அ தூக்கி சாப்பிட்டுச்சு. ஒரு சுத்துக்கு எம்புட்டு வேலை முடிக்குது, எத்தனை கோர், கேச் (சிப்புக்குள்ளயே உள்ள சின்ன மெமரி) எவ்வளவு, இதெல்லாம் சேந்தது தான் வேகம். நம்ம உதாரணத்துலயும் ஐ3-2100 ஓடுறது 3.1, போடப் போற ஐ5-3470 ஓடுறது 3.2, எண்ணப் பாத்தா என்னத்துக்கு இந்த மெனக்கெடுன்னு தோணும். ஆனா அது ரெண்டு கோர், இது நாலு கோர், தேவைப்பட்டா 3.6 வரைக்கும் தானா ஏறவும் செய்யும்.

ஓவர்க்ளாக் பண்ணி, அதாவது கம்பெனி வச்ச அளவுக்கு மேல ஓட்டி, வேகம் ஏத்தலாமான்னு பசங்க கேக்குதாங்க. எச்61, எச்81, எச்110 போர்டுல அதுக்கு வழி கெடையாது, கே எழுத்து உள்ள ப்ராசசரும் இசட் வரிசை போர்டும் வேணும். பழைய 775 சாக்கெட் போர்டுல பஸ் வேகத்த ஏத்தி பண்ணலாம் தான், ஆனா நம்ம அக்னி நட்சத்திரத்துல ப்ராசசரோட வந்த ஃபேன வச்சுக்கிட்டு அத பண்ணுறது கோட்டித்தனம்.

போர்டு பேர கண்டுபிடிங்க

சிபியு-இசட்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, டவுன்லோட் பண்ணி தொறந்தீங்கன்னா மொத பக்கத்துல ப்ராசசர் பேரும் சாக்கெட் பேரும் இருக்கும், மெயின்போர்டு பக்கத்துல போர்டு கம்பெனி, மாடல், பயோஸ் (ஆன் பண்ணுனதும் மொத ஓடுற, போர்டுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர்) வெர்ஷன், பயோஸ் தேதி எல்லாம் இருக்கும். இத ஒரு பேப்பர்ல எழுதுங்க, இல்ல போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. சிஸ்டம் ஆன் ஆகாத கேசுன்னா மூடிய கழத்தி டார்ச் அடிச்சுப் பாருங்க, ரேம் ஸ்லாட்டுக்கும் கார்டு ஸ்லாட்டுக்கும் நடுவுல மாடல் பெருசா அச்சடிச்சிருக்கும். போர்டு ஓரத்துல ரிவிஷன் நம்பரும் இருக்கும், ரெவ் 1.0, 2.0ன்னு, அதையும் சேத்து எழுதுங்க. கிகாபைட் மாதிரி கம்பெனில ஒரே மாடல்லயே ரிவிஷனுக்கு ரிவிஷன் பயோஸ் வேற.

உவரி, கூடங்குளம் மாதிரி கடற்கரைப் பக்கம் வீடுன்னா அப்பவே போர்ட நல்லா உத்துப் பாருங்க, உப்புக்காத்துல காண்டாக்ட்ல பச்சை பூத்திருந்தா, கெப்பாசிட்டர் மண்டை உப்பியிருந்தா, அந்த போர்டுக்கு ஒரு ரூவா செலவழிக்காதீங்க.

பொறவு அந்த கம்பெனி வெப்சைட்டுக்குப் போயி மாடல் பேர போட்டு, சப்போர்ட் பக்கத்துல சிபியு சப்போர்ட் லிஸ்ட்ட தொறங்க. இந்த லிஸ்ட் தான் சட்டம். ஒவ்வொரு ப்ராசசருக்கு நேராவும் எந்த பயோஸ் வெர்ஷன்ல இருந்து ஓடும்னு போட்டிருக்கும், நீங்க எழுதி வச்ச பயோஸ் வெர்ஷனோட ஒத்துப் பாருங்க. பேரே இல்லாத லோக்கல் போர்டு வச்சிருக்கவங்களுக்கு லிஸ்ட் கெடைக்காது, அந்த மாதிரி போர்டுல கடைக்காரர் கண்ணு முன்னாடி போட்டு ஓட்டிக் காட்டினா மட்டும் வாங்குங்க. இன்டெல் கம்பெனியோட சொந்த போர்டு நம்மூர்ல நெறைய ஓடுச்சு, அவங்க டெஸ்க்டாப் போர்டு தொழில விட்டு போயிட்டாங்க, பழைய பயோஸ் ஃபைலையும் 2019 கடைசில சைட்டுல இருந்து எடுத்துட்டாங்க, அத இன்டர்நெட் ஆர்க்கைவ்ல தான் தேடணும்.

எந்த சாக்கெட்டுக்கு எது

எல்ஜிஏ 775: கோர் 2 டுயோ, பென்டியம் டூயல் கோர் காலத்து சாக்கெட். இதுல உச்சம் கோர் 2 குவாட், நாலு கோர். ஜி41 போர்டா இருந்தா க்யூ8400, க்யூ9400 மாதிரி போடலாம், ஆனா இவை 95 வாட், சின்ன போர்டு சூட்ட தாங்குமான்னு லிஸ்ட்ல பாக்கணும். என் அபிப்ராயம், யாராவது சும்மா குடுத்தா போடுங்க, துட்டு குடுத்து வேண்டாம்.

எல்ஜிஏ 1155: ரெண்டாம் ஜெனரேசனும் மூணாம் ஜெனரேசனும். பழசு மாத்துறதுல ஆதாயம் கூட இங்க தான். ஐ3, பென்டியம், செலரான் வச்சிருக்கவங்க ஐ5-3470, ஐ5-3570 இல்ல ஐ7-3770 போகலாம், மூணும் 77 வாட் தான். ரெண்டாம் ஜெனரேசன்ல ஐ5-2400, ஐ7-2600 நல்ல சிப்பு தான், ஆனா 95 வாட், சூடு கூட. பயோஸ் அப்டேட் வேண்டாம்னு நெனக்கவங்க ரெண்டாம் ஜெனரேசன்லயே நின்னுக்கிடலாம்.

எல்ஜிஏ 1150: நாலாம் ஜெனரேசன், எச்81 போர்டு. ஐ5-4570, ஐ5-4590, ஐ7-4770. இதுல 4590 மாதிரி பின்னாடி வந்த சிப்புக்கு ஆரம்ப கால எச்81ல பயோஸ் அப்டேட் கேக்கும்.

எல்ஜிஏ 1151ல தான் நெறைய பேரு ஏமாறுதாங்க. எச்110 போர்டு ஆறாம் ஏழாம் ஜெனரேசனோட சரி. எட்டாம் ஜெனரேசன் ப்ராசசரும் 1151 தான், உள்ள கச்சிதமா உக்காரவும் செய்யும், ஆனா ஓடாது. கடைல சாக்கெட் நம்பர மட்டும் சொல்லி வாங்கினா கத முடிஞ்சுது.

ஏஎம்டி கம்பெனி ப்ராசசர்ல ஏஎம்4 சாக்கெட் வச்சிருக்கவங்களுக்கு யோகம். 2017ல ரைசன் 3 1200 போட்டு வாங்குன ஏ320, பி350 போர்டுல கூட பயோஸ் ஏத்திட்டு ரைசன் 5 5600 போடலாம், போர்டு கம்பெனி பயோஸ் விட்டிருந்தா. 2022ல ஏஎம்டி அதுக்கு வழி தொறந்து விட்டாங்க. ஆனா 5600ல கிராபிக்ஸ் கெடையாது, தனி கார்டு இல்லாதவங்க 5600ஜி தான் பாக்கணும்.

இந்த கிராபிக்ஸ் பொறி இன்டெல்லயும் உண்டு. ஐ5-3350பி மாதிரி கடைசில பி (P) எழுத்து உள்ளது, ஜியான் ஈ3-1230 வி2 மாதிரி சர்வர் சிப்பு, இதுக்கெல்லாம் உள்ள கிராபிக்ஸ் இல்ல, தனி கார்டு இல்லாம போட்டா டிஸ்ப்ளே வராது, ஆளு போர்டு செத்துப் போச்சுன்னு நெனச்சு அழுதுக்கிட்டு இருப்பாரு. ஜியான் 1230 வி2 நாலு கோர் எட்டு த்ரெட் (ஒரே நேரத்துல எட்டு வேலை எடுத்துக்கிடும்), கிராபிக்ஸ் கார்டு வச்சிருக்கவங்களுக்கு நல்ல சரக்கு, போர்டு லிஸ்ட்ல இருக்கணும் அம்புட்டு தான். கடைசில டி (T), எஸ் (S) எழுத்து வந்தா கரண்டு கம்மியா குடிக்கிற ரகம், வேகமும் கொஞ்சம் கம்மி, ஆபீஸ்ல இருந்து வந்த குட்டி டெஸ்க்டாப்புக்கு இதான் சரி.

வாங்குறது

மேல சொன்ன இன்டெல் சிப்பெல்லாம் புதுசா இப்ப வராது, எல்லாம் கழத்துன சரக்கு தான். ஜங்ஷன், வண்ணார்பேட்டை பக்கம் சர்வீஸ் கடைகள்ல கேட்டா பழைய ஆபீஸ் சிஸ்டத்துல இருந்து எடுத்தது வச்சிருப்பாங்க, இல்லன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து வரவழைச்சுக் குடுப்பாங்க. நல்ல சேதி என்னன்னா ப்ராசசர் சீக்கிரம் கெடுற சாமான் இல்ல, போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (கரண்டு குடுக்குற பெட்டி) போனாலும் சிப்பு கெதியா இருக்கும்.

கடைல பேச்சு பெரும்பாலும் இப்படி தான் போகும். "அண்ணாச்சி, ஐ5-3470 இருக்கா?" "ஐ5 கெடக்கு தம்பி, நாலாம் ஜெனரேசனே தாரேன், இத விட நல்லது." "என் போர்டு 1155 அண்ணாச்சி, நாலாம் ஜெனரேசன் 1150லா, உக்காராதே." "அப்படியா, சரி பாப்போம்." அவர தப்பு சொல்ல முடியாது, ஒரு டப்பாக்குள்ள நூறு சிப்பு கெடக்கும், நாம தான் நம்பர சொல்லி வாங்கணும்.

கையில குடுத்ததும் மேல உள்ள தகட்டுல எழுத்த படிங்க. ஐ5-3470ன்னா பேருக்குப் பக்கத்துலயே எஸ்ஆர்0டி8ன்னு (SR0T8) ஒரு கோடு இருக்கும், ஐ7-3770க்கு எஸ்ஆர்0பிகே (SR0PK). மாடல் நம்பருக்குப் பதிலா இன்டெல் கான்ஃபிடென்ஷியல்னு போட்டிருந்தா அது கம்பெனி டெஸ்டிங்குக்கு விட்ட சாம்பிள், சல்லிசா இருந்தாலும் தொடாதீங்க. திருப்பிப் பாத்தா அடியில தங்கக் கலர் புள்ளிங்க, நடுவுல பொடிப்பொடி பார்ட்ஸ் இருக்கும், அதுல ஒண்ணு பேந்திருந்தா வேண்டாம். பச்சைத் தகட்டோட மூலை நசுங்கியிருந்தாலும் வேண்டாம். முடிஞ்சா கடைலயே ஒரு போர்டுல போட்டு சிபியு-இசட்ல பேர் காட்டச் சொல்லுங்க, காட்டாம துட்டு குடுக்காதீங்க.

விலை தெனமும் மாறுது, அதனால நான் வச்சிருக்குற கணக்க மட்டும் சொல்லுதேன். சிப்பு, பேஸ்ட், தேவைப்பட்டா ஃபேன் எல்லாம் சேத்து, இத விட புது தலைமுறை ரீஃபர்பிஷ்டு (பழச சரி பண்ணி விக்கிற) ஆபீஸ் சிஸ்டத்தோட விலைல மூணுல ஒரு பங்க தாண்டுச்சுன்னா நான் செய்ய மாட்டேன், அந்த சிஸ்டத்தையே வாங்கிருவேன்.

ஃபேனையும் இப்பவே யோசிங்க. ஐ3, பென்டியத்தோட வந்த இன்டெல் ஃபேன்ல ஹீட்சிங்க் ஒல்லியா முழு அலுமினியத்துல இருக்கும். பெரிய சிப்போட வந்ததுல நடுவுல செம்பு உருளை இருக்கும், உயரமும் கூட. குளுகுளு ரூம்ல ஒல்லி ஃபேனே சமாளிக்கும், ஆனா மே மாசம் மச்சு வீட்டு மாடி ரூம்ல 77 வாட் சிப்ப அதுல ஓட்டுறது கஷ்டம், கடைல செம்பு வச்ச பழைய ஃபேன் ஒண்ணு சேத்துக் கேளுங்க, பெரும்பாலும் சும்மாவே குடுத்துருவாங்க. எஸ்எம்பிஎஸ் மாத்தணுமான்னா, 65 வாட்டுல இருந்து 77 வாட்டுக்கு போறதுக்கு வேண்டாம்.

பழைய ப்ராசசர் உள்ள இருக்கும்போதே பயோஸ்

வரிசை முக்கியம். புது சிப்புக்கு புது பயோஸ் வேணும்னா, பழைய சிப்பு ஓடிக்கிட்டு இருக்கும்போது தான் ஏத்த முடியும். கழத்திட்டு பொறவு நெனச்சா திரும்ப முதல்ல இருந்து.

லிஸ்ட்ல சொன்ன வெர்ஷன உங்க மாடல், உங்க ரிவிஷனுக்கு டவுன்லோட் பண்ணி, ஃபேட்32 ஃபார்மட் பண்ணுன பென்டிரைவ்ல வைங்க. பயோஸுக்குள்ள போனா கிகாபைட்ல க்யூ-ஃப்ளாஷ், ஆசுஸ்ல ஈசி ஃப்ளாஷ், எம்எஸ்ஐல எம்-ஃப்ளாஷ், ஆஸ்ராக்ல இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ்னு இருக்கும், அதுல ஃபைல காட்டுங்க. விண்டோஸ்குள்ள இருந்து ஏத்துற வழியும் உண்டு, அது நடுவுல தொங்குச்சுன்னா போர்டு போயிரும், நான் அந்தப் பக்கம் போறதில்ல. எச்61 மாதிரி 6ம் வரிசை போர்டுல மூணாம் ஜெனரேசனுக்காக ஏத்தும்போது எம்இ ஃபர்ம்வேர்னு ஒண்ணையும் சேத்து ஏத்தச் சொல்லியிருக்கலாம், டவுன்லோட் பக்கத்துல உள்ள குறிப்ப ஒரு வரி விடாம படிங்க. சில போர்டுல படிப்படியா ஏத்தணும்னும் போட்டிருக்கும்.

கரண்டு. பயோஸ் ஏறுற ரெண்டு மூணு நிமிசத்துல கரண்டு போச்சுன்னா போர்டு கல்லு தான். ஐப்பசி கார்த்திகைல இடி மின்னலோட மழை வரும்போது இந்த சோலி வச்சுக்கிடாதீங்க, மரக்கிளைல கம்பி ஒரசி கரண்டு போயி போயி வரும் ஆடிக்காத்து நாள்லயும் வேண்டாம். யுபிஎஸ் இல்லன்னா பக்கத்து வீட்டுல வாங்கி வச்சுக்கிடுங்க, யுபிஎஸ் பேட்டரி உசுரோட இருக்கான்னு பிளக்க உருவிப் பாத்துட்டு ஆரம்பிங்க.

ஏறி முடிஞ்சதும் பழைய சிப்போடயே ஒரு தடவ விண்டோஸ் வரைக்கும் போயி, சிபியு-இசட்ல புது பயோஸ் வெர்ஷன் காட்டுதான்னு பாத்துக்கிடுங்க. முக்கியமான போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் வேற டிரைவ்ல ஒரு காப்பி. ப்ராசசர் மட்டும் மாத்தினா விண்டோஸ் திரும்ப ஏத்த வேண்டாம், ஆக்டிவேஷனும் பொதுவா போகாது. ரைசன், எட்டாம் ஜெனரேசன் மாதிரி புது சிஸ்டத்துல பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா மட்டும் அத மொத நிப்பாட்டி வைங்க, ரெக்கவரி கீயும் கையில இருக்கணும்.

கழத்தி மாட்டுறது

தேவை: நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், தெர்மல் பேஸ்ட், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய வேட்டித் துணி, பெயிண்ட் பிரஷ், நல்ல வெளிச்சம். நெயில் பாலிஷ் ரிமூவர், சென்டு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

சிஸ்டத்த பத்து நிமிசம் ஓட்டிட்டு ஷட்டவுன் பண்ணுங்க, பேஸ்ட் இளகியிருக்கும். எல்லா வயரையும் உருவிட்டு பவர் பட்டன ஒரு தடவ அமுக்கினா மிச்சம் மீதி கரண்டும் போயிரும். கேபினெட்ட மேசைல படுக்கப் போடுங்க. கழத்துறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுத்துருங்க, எந்த வயர் எங்கன இருந்துச்சுன்னு பொறவு சந்தேகம் வராது. பெயிண்ட் இல்லாத கேபினெட் இரும்ப அடிக்கடி தொட்டுக்கிடுங்க, உடம்புல உள்ள ஸ்டாட்டிக் எறங்கணும். சீலிங் ஃபேன நிப்பாட்டிருங்க, தூசி பறக்கும்.

ஃபேன் வயர போர்டுல இருந்து கழத்துங்க. இன்டெல் ஃபேன்ல நாலு மூலைலயும் கருப்பு கால் இருக்கும், ஒவ்வொண்ணு தலைலயும் அம்புக்குறி. அம்பு காட்டுற பக்கம் திருப்பி மேல இழுத்தா விட்டுரும். நாலையும் விடுவிச்ச பொறவு ஹீட்சிங்க்க அப்படியே மேல பிடுங்காதீங்க, இடமும் வலமும் பைய திருகி விட்டு எடுங்க. ஏஎம்4ல இது ரொம்ப முக்கியம், அதுல ஊசி சிப்புல இருக்கும், பேஸ்ட் புடிச்ச புடில சிப்பு சாக்கெட்டோட பிச்சுக்கிட்டு வந்து ஊசி வளஞ்சிரும்.

அத்தை மவன் சிஸ்டத்துல ஹீட்சிங்க தூக்கினதும் தெரிஞ்சுது, இடுக்கு பூரா புழுதி படிஞ்சு ஒரு கம்பளமா ஆயிருந்துச்சு, பிரஷ்ஷால தள்ளினா முழுசா ஒரே துண்டா உரிஞ்சு வருது. அடியில இருந்த பேஸ்ட் வெத்தலைப் பெட்டில காஞ்சு போன சுண்ணாம்பு மாதிரி, துணி பட்டதும் பொடியா உதிருது. இந்த நெலமைல ஐ3 இம்புட்டு நாள் ஓடுனதே பெருசு.

பேஸ்ட்ட துடைங்க, மொத காஞ்ச துணி, பொறவு ஆல்கஹால் தொட்ட துணி, ஹீட்சிங்க் அடி பளபளன்னு வரணும். அதுக்குப் பொறவு சாக்கெட் ஓரத்துல உள்ள லீவர கொஞ்சம் கீழ அமுக்கி வெளிப்பக்கம் தள்ளினா கொக்கில இருந்து விடும், தூக்குனா மூடி தொறக்கும். பழைய சிப்ப ரெண்டு ஓரத்துல பிடிச்சு நேரா மேல எடுங்க, அடிப்பக்கம் விரல் படக்கூடாது. இப்ப சாக்கெட் தொறந்து கெடக்கு. ஆயிரத்துக்கு மேல மயிரிழை ஊசி. அதுல விரலோ துணியோ பிரஷ்ஷோ படக்கூடாது, ஒரு ஊசி வளஞ்சாலும் ஒரு ரேம் ஸ்லாட் போயிரும், இல்ல போர்டே போயிரும். சின்னப் பிள்ளைங்க இருக்குற வீடுன்னா இந்த நேரத்துல ரூம் கதவ சாத்திருங்க.

புது சிப்போட ரெண்டு ஓரத்துல சின்ன வெட்டு இருக்கும், சாக்கெட்டுல அதுக்கு நேரா ரெண்டு முட்டு இருக்கும். ஒரு மூலைல தங்க முக்கோணம். ரெண்டையும் ஒத்து வச்சு மெதுவா எறக்கி விடுங்க, தன்னால உக்காரணும், அமுக்கவே கூடாது. உக்காந்த பொறவு மூடிய சாத்தி லீவர அழுத்துங்க. இங்க தான் எல்லாரும் பயப்படுவாங்க, லீவர் நல்லா இறுகும், நறநறன்னு ஒரு சத்தமும் வரும். சிப்பு சரியா உக்காந்திருந்தா அது இயல்பு தான், பயப்படாம அமுக்கி கொக்கில மாட்டுங்க.

பேஸ்ட் துவரம்பருப்பு அளவு, நடுவுல ஒரே பொட்டு. விரலால தடவாதீங்க, ஹீட்சிங்க் அழுத்தம் தானா பரப்பிரும். கூட வச்சா கூட குளுரும்னு நெனச்சு பாதி ட்யூப பிதுக்குறவங்க உண்டு, அது வழிஞ்சு போர்டுக்குள்ள போகும்.

ஃபேன் மாட்டும்போது நாலு காலையும் அம்புக்கு எதிர்ப்பக்கமா திருப்பி பழைய நெலைக்கு கொண்டு வந்துட்டு, நாலும் ஓட்டைக்கு நேரா இருக்கான்னு பாத்து, எதிரெதிர் மூலையா அமுக்குங்க. ஒவ்வொண்ணும் டக்குன்னு சத்தம் குடுக்கும். முடிஞ்சதும் போர்டுக்கு பின்பக்கம் எட்டிப் பாருங்க, இல்ல ஹீட்சிங்க லேசா ஆட்டிப் பாருங்க, ஒரு கால் தூக்கி நின்னாலும் சூடு எகிறும். நாலாவது கால் தான் எப்பவும் மக்கர் பண்ணும், போர்டு வளையுற மாதிரி இருந்தா கேபினெட்ல இருந்து போர்ட வெளிய எடுத்து மாட்டுங்க. ஃபேன் வயர சிபியு ஃபேன்னு எழுதியிருக்குற பின்லயே குத்துங்க.

ஆன் பண்ணுறது

மூடிய போடாமலே ஆன் பண்ணுங்க. மொத தடவ ரெண்டு மூணு தடவ தானா அணைஞ்சு எரியும், சில போர்டுல ப்ராசசர் மாறியிருக்குன்னு சொல்லி எஃப்1 அமுக்கச் சொல்லும், பதறாதீங்க. பயோஸ்குள்ள போயி புது பேர் காட்டுதா, ஃபேன் சுத்துதா, சூடு எவ்வளவுன்னு பாருங்க. நம்மூர் வெயிலுக்கு 40ல இருந்து 55க்குள்ள இருந்தா சரி. 80, 90ன்னு ஏறிக்கிட்டே போனா ஒடனே அணைச்சுட்டு ஃபேன் கால பாருங்க.

டிஸ்ப்ளே வரலயா, மொத சாக்கெட்டுக்குப் பக்கத்துல உள்ள நாலு பின் பவர் வயர் மாட்டியிருக்கான்னு பாருங்க, ஃபேன் மாட்டுற அவசரத்துல அது கழண்டிருக்கும். பொறவு ரேம கழத்தி மாட்டுங்க. அதுலயும் வரலன்னா பவர் வயர உருவிட்டு, சிஆர்2032 செல்ல கழத்தி அஞ்சு நிமிசம் வச்சுட்டு திரும்பப் போடுங்க, பத்து வருசம் ஆன செல்லுன்னா புதுசே போட்டுருங்க. இதெல்லாம் பாத்தும் கருப்பா கெடந்தா பழைய சிப்ப திரும்பப் போடுங்க. அது ஓடுச்சுன்னா போர்டு நல்லாருக்கு, பயோஸோ புது சிப்போ தான் கோளாறு.

விண்டோஸ் வந்ததும் சிபியு-இசட்லயே ஸ்ட்ரெஸ் டெஸ்ட் இருக்கு, அத அர மணி நேரம் ஓட்டி பக்கத்துல சூட்ட பாத்துக்கிட்டு இருங்க. 80 வரைக்கும் கவலை இல்ல. 95 தாண்டினா பேஸ்ட்டும் ஃபேனும் திரும்ப. நடுவுல தொங்காம ரீஸ்டார்ட் ஆகாம ஓடுச்சுன்னா மூடிய போட்டுக்கிடலாம். அத்தை மவன் சிஸ்டத்துல ஐ5-3470, 8 ஜிபி, ஒரு எஸ்எஸ்டி, இம்புட்டு தான் போட்டது. பல கோர சேத்து அளக்குற டெஸ்ட்ல பழைய ஐ3ய விட ரெண்டு மடங்குக்கு மேல காட்டுது, யூடியூப் ஓட ஓட பிள்ளை எக்செல்ல டைப் பண்ணுது.

எப்ப வேண்டாம்

விண்டோஸ் 11க்கு ஆசப்பட்டு இத செய்யாதீங்க. இன்டெல்ல எட்டாம் ஜெனரேசன், ஏஎம்டில ரைசன் 2000 வரிசைல இருந்து தான் அதோட லிஸ்ட் ஆரம்பிக்குது, டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும், 1155லயும் 1150லயும் எந்த சிப்பு போட்டாலும் அதுல வராது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சு போச்சு. அதனால பேங்க் சோலி, ஜிஎஸ்டி, கடைக் கணக்குன்னு ஓட்டுற சிஸ்டம்னா புது தலைமுறைக்குப் போயிருங்க. பிள்ளைங்க படிப்பு, படம் பாக்க, டைப் அடிக்க மட்டும்னா லினக்ஸ் மின்ட் ஏத்துங்க, மூணாம் ஜெனரேசன் ஐ5ல அது நல்லாவே ஓடும். லேப்டாப்ல இந்த யோசனையே வேண்டாம், இப்ப பெரும்பாலும் ப்ராசசர போர்டோட சால்டர் பண்ணித் தான் வருது.

கழத்துன பழைய சிப்ப ஒடனே வித்துராதீங்க. புது சிப்பு வந்த பிளாஸ்டிக் டப்பாவுல வச்சு, மேல போர்டு மாடலும் பயோஸ் வெர்ஷனும் எழுதி ஒட்டி, ரெண்டு மூணு மாசம் பீரோல வைங்க. நடுவுல சிஸ்டம் மக்கர் பண்ணுச்சுன்னா கோளாறு எங்கன இருக்குன்னு பிரிச்சுப் பாக்க கையில இருக்குற ஒரே சாமான் அது தான். எல்லாம் ஒழுங்கா ஓடுச்சுன்னா பொறவு அதே சர்வீஸ் கடைல குடுத்தா ஐ3க்கு கொஞ்சம் துட்டு தருவாங்க, பென்டியம், செலரான்னா தர மாட்டாங்க.